ஏங்கிப்போன குழந்தைகள்: பிணைப்பு ஆய்வுகளும் மனநலச் சிகிச்சையும்

பிறந்த குழந்தைக்குத் தன் உணர்ச்சியைத் தானே தணித்துக்கொள்ளத் தெரியாது. பசித்தாலும் குளிர்ந்தாலும் திடுக்கிட்டாலும் உடல் முழுவதும் அழுகையாகிவிடும். யாராவது எடுத்து அணைத்துத் தட்டிக்கொடுத்தால்தான் மூச்சு சீராகும், இதயத் துடிப்பு அடங்கும். இப்படிப் பிறர் கையில் ஆயிரம் முறை அடங்கிப் பழகிய பிறகே, தானாக அடங்கும் திறன் மெல்ல மெல்ல அதற்கு வாய்க்கிறது. குழந்தையின் உணர்ச்சி வளர்ச்சி பற்றி முக்கால் நூற்றாண்டாக நடந்துவரும் ஆய்வுகளுக்கெல்லாம் அடியில் இருக்கும் செய்தி இதுதான்: உணர்ச்சி என்பது முதலில் இருவருக்கு இடையில் நிகழ்கிறது, பிறகுதான் ஒருவருக்குள் குடியேறுகிறது. சிகிச்சையும் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் தொடங்க வேண்டியிருக்கிறது.

ஆறு முதல் எட்டு வாரத்தில் குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்குகிறது. அரையாண்டு கழிந்தபின், பெரும்பாலும் எட்டாம் மாத வாக்கில், யார் தூக்கினாலும் போய்க்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று புதியவரைக் கண்டு முகம் சுளித்து அழுகிறது. தமிழ் வீடுகளில் இதை 'வேற்றுமுகம் பார்க்கிறது' என்பார்கள். எட்டு மாதப் பதற்றம் என்று உளவியலாளர்கள் பெயரிட்டு விவரித்த நிலையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. வேற்றுமுகம் தெரிகிறது என்றால் தன்முகம் எது என்று தெரிந்துவிட்டது என்று பொருள். குறிப்பிட்ட சிலரோடு குழந்தை தன்னைப் பிணைத்துக்கொண்டுவிட்டது. அதே வீடுகளில் புழங்கும் இன்னொரு சொல் 'ஏங்கிப்போவது'. வளர்த்தவர் ஊருக்குப் போய்விட்டால் பிள்ளை சாப்பிடாமல் சுருண்டு படுப்பதையும் காய்ச்சல் காண்பதையும் அது குறிக்கிறது. இந்த ஏக்கத்தை மருத்துவ உலகம் ஒரு நோய்க்காரணமாக ஏற்றுக்கொள்ள நெடுங்காலம் பிடித்தது.

அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் 1970களில் உருவாக்கிய 'அசையா முகம்' சோதனை, அந்தப் பிணைப்பு எவ்வளவு நுட்பமானது என்பதைச் சில நிமிடங்களில் காட்டிவிடும். தாய் சற்று நேரம் குழந்தையோடு கொஞ்சி விளையாடுகிறாள். பிறகு, சொல்லிவைத்தபடி, எந்த உணர்ச்சியும் இல்லாமல் குழந்தையையே பார்த்தபடி இருக்கிறாள். குழந்தை உடனே கண்டுகொள்கிறது. சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, குரலெழுப்புகிறது. எதுவும் பலிக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு உடல் தளர்ந்துபோகிறது. தாயின் முகம் உயிர்பெற்றதும் இருவரும் மறுபடி ஒட்டிக்கொள்கிறார்கள். சாதாரண நாளிலும் தாயும் சேயும் எப்போதும் ஒத்திசைவில் இருப்பதில்லை என்பதையும் ட்ரோனிக்கின் பதிவுகள் காட்டின. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நேரமே இருவரும் இசைந்திருந்தார்கள். மீதி நேரம் பிசகுவதும் சரிசெய்வதுமாகவே கழிந்தது. குழந்தையை வளர்ப்பது அந்தச் சரிசெய்தல்தான். எந்நேரமும் குறையற்ற தாயாக இருக்க வேண்டும் என்று தன்னை வருத்திக்கொள்ளும் பெற்றோருக்கு இதைவிட நல்ல சேதி இல்லை.

சரிசெய்ய யாருமே இல்லாத குழந்தைக்கு என்ன ஆகும்? வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ரெனே ஸ்பிட்ஸ் 1945இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்வியை எழுப்பியது. அவர் இரண்டு இடங்களை ஒப்பிட்டார். ஒன்று கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான காப்பகம். சுத்தமானது; உணவும் மருத்துவமும் குறைவின்றிக் கிடைத்தன. ஆனால் ஏழெட்டுக் குழந்தைகளுக்கு ஒரு செவிலியர்தான். தொட்டிலின் பக்கங்களில் துணி தொங்கவிடப்பட்டிருந்ததால் பிள்ளைகள் பார்த்ததெல்லாம் கூரையைத்தான். இன்னொன்று, தண்டனை பெற்ற இளம் பெண்கள் தம் குழந்தைகளைத் தாமே பேணிய சிறைச்சாலைக் குழந்தைகள் பகுதி. காப்பகத்தில் இருந்த 91 குழந்தைகளில் 34 பேர் இரண்டு ஆண்டுகளுக்குள் இறந்துபோனார்கள். சிறையில் ஒரு குழந்தையும் இறக்கவில்லை. ஸ்பிட்ஸின் ஆய்வுமுறையில் ஓட்டைகள் உண்டு. இரண்டு இடங்களின் குழந்தைகளும் ஒரே பின்னணியைச் சேர்ந்தவர்கள் அல்லர். ஆயினும், 1947இல் அவர் காட்டிய படத்தில், அழக்கூட மறந்து வெறித்துப் பார்க்கும் முகங்களைக் கண்டவர்களால் அந்தக் கேள்வியைத் தள்ளிவைக்க முடியவில்லை.

அதே காலத்தில் பிரிட்டனின் மருத்துவமனைகளில் குழந்தைகள் வார்டுக்குப் பெற்றோர் நினைத்தபடி போக முடியாது. வாரத்துக்கு ஒரு முறை, சில மணி நேரம் என்பதே பல இடங்களில் விதி. பெற்றோர் வந்துபோனால் பிள்ளைகள் அழுகிறார்கள், வராவிட்டால் அடங்கிக் கிடக்கிறார்கள் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அடங்கிக் கிடப்பதை மருத்துவமனையினர் குணமாக எடுத்துக்கொண்டார்கள். ஜேம்ஸ் ராபர்ட்சன் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. போர்க்காலத்தில் லண்டனில் அன்னா ஃப்ராய்ட் நடத்திய குழந்தைகள் இல்லத்தில் கொதிகலனைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்து, பின் சமூகப் பணியாளராகி, 1948இல் டாவிஸ்டாக் மருத்துவ மையத்தில் ஜான் பௌல்பியின் குழுவுக்கு வந்தவர் அவர். வார்டுகளில் உட்கார்ந்து பிள்ளைகளைக் கவனித்தபோது மூன்று கட்டங்கள் அவருக்குப் புலப்பட்டன. முதலில் எதிர்ப்பு: கதறல், வாசலையே பார்த்திருத்தல். அடுத்து நம்பிக்கை இழப்பு: சத்தமில்லாத சோகம். கடைசியில் விலகல்: யாரோடும் சிரித்துப் பேசும் பிள்ளை, அம்மா வந்தால் மட்டும் முகம் கொடுப்பதில்லை. செவிலியர்கள் 'பழகிவிட்டது' என்று மகிழ்ந்த அந்த மூன்றாம் கட்டத்தைத்தான் ராபர்ட்சன் மிகவும் அஞ்சினார்.

சொன்னால் நம்பமாட்டார்கள் என்று கண்டு, படம்பிடிக்கும் பழக்கமே இல்லாத அவர் கையடக்க 16 மி.மீ. கேமரா ஒன்றை எடுத்தார். குடலிறக்க அறுவைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் இருந்த, இரண்டரை வயதுகூட நிறையாத சிறுமி ஒருத்தியை நாள்தோறும் ஒரே நேரங்களில் படம்பிடித்தார். வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுத்ததாக யாரும் குற்றம் சொல்லக் கூடாது என்பதற்காக வார்டின் கடிகாரத்தையும் படத்துக்குள் கொண்டுவந்தார். அந்தச் சிறுமி கதறுகிறவள் அல்லள். உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டு, 'அம்மா எங்கே' என்று மெல்லக் கேட்கிறவள். வீடு திரும்பும் நாளில் தன் பொருள்களையெல்லாம் அள்ளிக்கொண்டவள், தாய் நீட்டிய கையைப் பிடிக்க மறுத்தாள். 1952 நவம்பரில் லண்டன் ராயல் மருத்துவக் கழகத்தில் இந்தப் படம் திரையிடப்பட்டபோது கூடியிருந்த மருத்துவர்களில் பலர் சினந்தார்கள். தங்கள் தொழிலை அவதூறு செய்வதாகச் சொன்னார்கள். ஏழாண்டு கழித்து, 1959இல், அரசு நியமித்த பிளாட் குழு குழந்தைகள் வார்டில் பெற்றோர் தடையின்றி வந்துபோகலாம், சிறு பிள்ளைகளோடு தாய் தங்கவும் இடம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை நடைமுறைக்கு வர இன்னும் பல ஆண்டுகள் ஆயின. 1961இல் தாய்மார்களே அமைப்பாகத் திரண்டு மருத்துவமனைகளை நெருக்க வேண்டியிருந்தது. இன்று உலகின் பல மருத்துவமனைகளில் பிள்ளையின் கட்டிலருகே தாய்க்கும் இடம் கிடைப்பதில், அந்த எட்டு நாள் படத்துக்குப் பங்குண்டு.

ராபர்ட்சன் கண்டதற்குக் கோட்பாடு தந்தவர் பௌல்பி. 1907இல் வசதியான லண்டன் குடும்பத்தில் பிறந்து, தாதியின் கையில் வளர்ந்தவர். அந்தத் தாதி அவருக்கு நான்கு வயதாகும்போது வேலையை விட்டுப் போனதைத் தாயை இழந்ததைப் போன்ற இழப்பாகவே அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். 1944இல் திருட்டுப் பழக்கமுள்ள 44 சிறுவர்களைப் பற்றி எழுதிய ஆய்வில், யாரிடமும் பாசம் காட்டாத 14 பேரில் 12 பேர் இளம் வயதில் நெடுங்காலம் தாயைப் பிரிந்திருந்ததைக் குறித்தார். உலகச் சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டதன்பேரில், போரில் வீடிழந்த குழந்தைகளைப் பற்றி அவர் தயாரித்த அறிக்கை 1951இல் வெளியானது. அதுவரை உளவியலில் செல்வாக்குப் பெற்றிருந்த விளக்கம், பாலூட்டுவதால்தான் குழந்தை தாயை நாடுகிறது என்பது. பௌல்பி அதை மறுத்தார். விலங்கு நடத்தை ஆய்வுகளிலிருந்து பாடம் எடுத்துக்கொண்டு, ஆபத்து வேளையில் பாதுகாப்பவரை நெருங்கி இருப்பதே உயிர்பிழைக்கும் வழி என்பதால் பிணைப்பு பசியைப் போலவே தனித்த ஒரு தேவை என்றார். விஸ்கான்சினில் ஹாரி ஹார்லோ 1958இல் வெளியிட்ட குரங்கு ஆய்வுகள் அவருக்குத் துணைநின்றன. பால்புட்டி பொருத்திய கம்பித் 'தாயை' விட்டுவிட்டு, பாலில்லாத துணித் 'தாயை'யே குட்டிகள் கட்டிக்கொண்டு கிடந்தன. அந்தக் குட்டிகள் பட்ட துன்பம் பின்னாளில் கடும் கண்டனத்துக்கு ஆளானது. அது நியாயமான கண்டனமே.

பௌல்பியிடம் மிகைப்படுத்தலும் இருந்தது. தாய் ஒருத்தியே மையம் என்பதுபோல அவர் எழுதியது, வேலைக்குப் போகும் பெண்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப் பயன்பட்டது. குழந்தை மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டர் 1972இல் எழுதிய நூல் இந்த இடத்தில் அவசியமான திருத்தம். தாயைப் பிரிவதும் பிணைப்பே இல்லாமல் வளர்வதும் ஒன்றல்ல என்று அவர் பிரித்துக் காட்டினார். பிள்ளைக்குத் தீங்கு செய்வதில் பிரிவைவிட வீட்டில் நடக்கும் ஓயாத சண்டைக்குப் பெரிய பங்கு இருக்கக்கூடும் என்றும் சுட்டினார். குழந்தை ஒரே நேரத்தில் தாய், தந்தை, பாட்டி, மூத்த அக்கா எனப் பலரோடு பிணையும் என்பதில் இன்று கருத்து வேறுபாடில்லை. அந்தச் சிலர் மாறிக்கொண்டே இராமல் நிலைத்திருப்பதுதான் முக்கியம்.

பிணைப்பை அளக்க வழி கண்டவர் மேரி எய்ன்ஸ்வொர்த். 1954இல் கணவரின் பணி நிமித்தம் உகாண்டாவுக்குப் போன அவர், கம்பாலாவைச் சுற்றிய ஊர்களில் 26 குடும்பங்களின் குழந்தைகளை வீடு வீடாகச் சென்று கவனித்தார். தாயை விட்டுத் தவழ்ந்துபோய், எதையாவது எடுத்துப் பார்த்து, திரும்பி வந்து மடியைத் தொட்டுவிட்டு மறுபடி போகும் குழந்தையின் போக்கை அவர் அங்கேதான் கண்டார். தாய் அதற்கு ஒரு புறப்படும் தளம். பின்னர் பால்டிமோரில் இன்னொரு 26 குடும்பங்களை, குழந்தை பிறந்ததிலிருந்து ஓராண்டு, மூன்று வாரத்துக்கு ஒரு முறை நான்கு மணி நேரம் வீதம் கவனித்தார். ஆண்டு முடிவில் அவர் வடிவமைத்ததுதான் 'புதுச்சூழல்' சோதனை. ஏறக்குறைய இருபது நிமிடம், எட்டுக் காட்சிகள். பழக்கமில்லாத அறை, பொம்மைகள், அறிமுகமற்ற ஒரு பெண், தாய் இரண்டு முறை வெளியே போய் வருவது. பிரியும்போது குழந்தை எவ்வளவு அழுகிறது என்பதைவிட, தாய் திரும்பி வரும்போது என்ன செய்கிறது என்பதே அளவுகோல். ஓடிவந்து ஒட்டி, ஆறுதல் பெற்று மீண்டும் விளையாடப் போனால் உறுதியான பிணைப்பு. தாய் வந்ததையே கவனியாததுபோல் பொம்மையில் ஆழ்ந்தால் விலகும் பிணைப்பு. தூக்கச் சொல்லிவிட்டு, தூக்கியதும் திமிறி அழுதால் ஊசலாடும் பிணைப்பு. எதிலும் சேராமல், பாதி வழியில் உறைந்து நிற்கும், தாயை நோக்கி முதுகு காட்டி நடக்கும் குழந்தைகளைக் கண்டு மேரி மெயினும் ஜூடித் சாலமனும் பிற்பாடு 'குலைந்த பிணைப்பு' என்ற நான்காம் வகையைச் சேர்த்தார்கள். பயமும் புகலிடமும் ஒரே ஆளாக இருக்கும் வீடுகளில் இது மிகுதி.

இந்தச் சோதனையை எல்லாப் பண்பாட்டுக்கும் ஒரே தராசாகக் கொள்ளலாமா என்ற ஐயம் எழுந்தது. 1988இல் எட்டு நாடுகளின் ஏறத்தாழ 2,000 குழந்தைகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, எங்குமே உறுதியான பிணைப்புதான் அதிகம் காணப்பட்டது; நாடுகளுக்கிடையிலான வேறுபாட்டைவிட ஒரே நாட்டுக்குள் இருந்த வேறுபாடு பெரிதாக இருந்தது. வகைப்பெயர்கள் நோய்ப்பெயர்கள் அல்ல என்பதையும் மறக்கக் கூடாது. விலகும் பிணைப்புள்ள குழந்தை நோயாளி அல்ல. அது தன் வீட்டுக்கு ஏற்றபடி தன்னைப் பழக்கிக்கொண்ட பிள்ளை.

இத்தனை ஆய்வுகளிலும் ஒரு குறை இருந்தது. கவனிப்பு இல்லாததால்தான் பிள்ளை நலிந்ததா, நலிந்த பிள்ளையைத்தான் கைவிட்டார்களா என்று திட்டவட்டமாகச் சொல்ல முடியவில்லை. குழந்தைகளைக் குலுக்கல் முறையில் புறக்கணிப்புக்கு ஆளாக்க யாருக்கும் உரிமையில்லை. அந்த விடை, ஓர் அரசு இழைத்த கொடுமையின் பின்விளைவாகவே கிடைத்தது.

ருமேனியாவில் நிக்கோலே சௌஷெஸ்குவின் அரசு 1966இல் 770ஆம் எண் ஆணையின் மூலம் கருக்கலைப்பைத் தடைசெய்தது. மக்கள்தொகையைப் பெருக்கினால் நாட்டின் உற்பத்தி பெருகும் என்பது கணக்கு. வறுமையில் இருந்த குடும்பங்கள் வளர்க்க முடியாத பிள்ளைகளை அரசுக் காப்பகங்களில் விட்டார்கள். அரசும் அப்படி விடுவதை ஊக்குவித்தது. 1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்தபோது ஏறக்குறைய 1,70,000 குழந்தைகள் காப்பகங்களில் இருந்தார்கள். உள்ளே போன செய்தியாளர்கள் முதலில் குறித்தது மௌனம். வரிசை வரிசையாகத் தொட்டில்கள், ஆனால் அழுகுரல் இல்லை. அழுதால் யாரும் வரமாட்டார்கள் என்று கற்றுக்கொண்ட குழந்தைகள் அவர்கள். ஒரு பணியாளருக்குப் பன்னிரண்டு பிள்ளைகள்வரை. ஒரே நேரத்தில் உணவு, ஒரே நேரத்தில் கழிப்பறை. தொட்டிலில் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டோ தன் கையையே உற்றுப் பார்த்துக்கொண்டோ நாள் போகும்.

அமெரிக்க ஆய்வாளர்கள் சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஸீனா மூவரும் 2000ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கிய புகாரெஸ்ட் இளம்பருவத் தலையீட்டுத் திட்டம் இந்தத் துறையின் மிக முக்கியமான ஆய்வு. புகாரெஸ்ட் நகரின் ஆறு காப்பகங்களிலிருந்து, 6 முதல் 31 மாத வயதுடைய 136 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் 68 பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். 68 பேருக்கு வழக்கமான கவனிப்பு தொடர்ந்தது. ஒப்பீட்டுக்காக, காப்பகம் காணாத 72 குழந்தைகளும் சேர்க்கப்பட்டார்கள். அப்போது அந்நகரில் வளர்ப்புக் குடும்ப முறை பெயருக்குத்தான் இருந்தது. ஆய்வுக்குழுவே 56 குடும்பங்களைத் தேடி, பயிற்சியும் ஊதியமும் கொடுத்து உருவாக்கியது. 'உங்கள் பிள்ளையாகவே பாருங்கள்' என்பதுதான் அவர்களுக்குச் சொல்லப்பட்டதன் சாரம்.

இதில் அறச் சிக்கல் இல்லாமல் இல்லை. குடும்பம் நல்லது என்று தெரிந்தும் பாதிப் பேரைக் காப்பகத்தில் விடலாமா என்று கேட்டார்கள். ஆய்வாளர்களின் பதில் இரண்டு. ருமேனியாவில் காப்பகமே மேல் என்று நம்பிய அதிகாரிகள் அப்போது நிறைய இருந்தார்கள். அவர்களை அசைக்கச் சான்று தேவைப்பட்டது. இரண்டாவது, காப்பகத்திலிருந்து எந்தக் குழந்தையும் வெளியேறுவதைத் திட்டம் தடுக்கவில்லை. பெற்றோரிடமோ பின்னர் உருவான அரசு வளர்ப்புக் குடும்பங்களிடமோ பலர் போய்ச் சேர்ந்தார்கள். இந்தப் பதில் எல்லாரையும் அமைதிப்படுத்தவில்லை. ஆனால் முடிவுகள் வெளிவரத் தொடங்கிய காலத்திலேயே, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளைக் காப்பகத்தில் சேர்ப்பதற்கு ருமேனியச் சட்டம் தடை விதித்தது என்பதும் உண்மை.

முடிவுகள் ஒரே மாதிரியாக இல்லை, அதனால்தான் அவற்றை நிதானமாகப் படிக்க வேண்டும். 42 மாத வயதில், வயதுக்கேற்ற வளர்ச்சியை அளக்கும் வளர்ச்சி ஈவின் சராசரி, காப்பகக் குழுவில் 77, வளர்ப்புக் குடும்பக் குழுவில் 86, சொந்த வீட்டில் வளர்ந்தவர்களில் 103. குடும்பம் கிடைத்தது கைகொடுத்தது, முழுவதையும் ஈடுசெய்யவில்லை. உணர்ச்சிப் பக்கத்தில் மாற்றம் இன்னும் துலக்கமானது. அதே வயதில் காப்பகக் குழுவில் 17.5 விழுக்காட்டினரிடம்தான் உறுதியான பிணைப்பு இருந்தது; வளர்ப்புக் குடும்பத்துக்குப் போனவர்களில் 49 விழுக்காட்டினரிடம் அது உருவாகியிருந்தது. சொந்த வீட்டுப் பிள்ளைகளில் அது 65. நான்கரை வயதில் பதற்றம், மனச்சோர்வு போன்ற உணர்ச்சிக் கோளாறுகள் காப்பகக் குழுவில் 44 விழுக்காடாகவும் வளர்ப்புக் குழுவில் 22 விழுக்காடாகவும் இருந்தன. பெண் குழந்தைகளிடம் இந்த முன்னேற்றம் மிகுதி. அதற்கு வழியமைத்தது உறுதியான பிணைப்புதான் என்று பின்னர் செய்த பகுப்பாய்வு காட்டியது. முதலில் வளர்ப்புத் தாயோடு பிணைப்பு, அதன்வழி மனநலம். கவனக்குறைவும் மிகைச்செயலும் மட்டும் குடும்பம் கிடைத்த பிறகும் அசையவில்லை.

காலத்தின் கணக்கும் இதிலிருந்து தெரிந்தது. இரண்டு வயதுக்கு முன் குடும்பம் சேர்ந்தவர்களின் மூளை மின்னலைகள், எட்டு வயதில் எடுத்த இ.இ.ஜி. பதிவில், சாதாரணக் குழந்தைகளுடையதை ஒத்திருந்தன. அதற்குப்பின் போனவர்களின் பதிவுகள் காப்பகக் குழுவைப் போலவே இருந்தன. ஆனால் இரண்டு வயது என்பது எல்லாவற்றுக்கும் பூட்டு விழும் நாள் அல்ல. மொழிக்கு ஒரு கணக்கு, பிணைப்புக்கு ஒரு கணக்கு, நெருக்கடியில் சுரக்கும் கார்டிசாலுக்கு இன்னொரு கணக்கு. சிலவற்றில் எல்லையே தென்படவில்லை. பன்னிரண்டு வயதில் பார்த்தபோது, முதலில் சேர்ந்த வளர்ப்புக் குடும்பத்திலேயே நிலைத்திருந்தவர்கள், இடம் மாறியவர்களைவிட நலமாக இருந்தார்கள். குடும்பத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு பறிப்பது புதிய காயம்.

பிரிட்டனில் ரட்டர் தொடங்கிய இணை ஆய்வு, ருமேனியாவிலிருந்து தத்தெடுக்கப்பட்ட 165 குழந்தைகளை வளர்ந்த பருவம்வரை தொடர்ந்தது. ஆறு மாதத்துக்குள் காப்பகத்தை விட்டு வந்தவர்கள் பிரிட்டிஷ் தத்துப்பிள்ளைகளுக்கு ஈடாகவே வளர்ந்தார்கள். ஆறு மாதத்துக்கு மேல் இருந்தவர்களில் பலரிடம் கவனக்குறைவும், அறிமுகமற்றவரோடும் தயக்கமின்றி ஒட்டிக்கொள்ளும் போக்கும் இளமைப் பருவம்வரை நீடித்தன. அறிவுத்திறனில் இருந்த பின்னடைவு காலப்போக்கில் மறைந்தது. உணர்ச்சிச் சிக்கல்களோ, எதிர்பாராத வகையில், பெரியவர்களான பிறகே தலைதூக்கின. நெடுங்காலம் காப்பகத்தில் இருந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் எந்தச் சிக்கலும் இன்றி வளர்ந்ததும் இந்த ஆய்வில்தான் பதிவாகியிருக்கிறது. யாரோடும் தயங்காமல் போகும் பிள்ளையைப் 'பழகும் குணம்' என்று பாராட்டுவது எளிது. 2013இல் வெளியான அமெரிக்க மனநோய் வகைப்பாட்டு நூலின் ஐந்தாம் பதிப்பு, யாரையும் நாடாமல் ஒடுங்கும் பிணைப்புக் கோளாற்றையும், எவரிடமும் அளவின்றி ஒட்டும் கோளாற்றையும் இரண்டு தனி நோய்களாகப் பிரித்தது இந்தக் குழந்தைகளிடம் கண்டதைக் கொண்டுதான்.

சிகிச்சைக்கு வரும்போது, இந்த ஆய்வுகளிலிருந்து பிறந்த நல்ல முறைகளும் உண்டு, இவற்றின் பெயரைத் திருடிய ஆபத்தான முறைகளும் உண்டு. நல்லதற்கு எடுத்துக்காட்டு, டெலவேர் பல்கலைக்கழகத்தின் மேரி டோசியர் உருவாக்கிய பத்து அமர்வுத் திட்டம். புறக்கணிப்புப் புகாருக்கு ஆளான குடும்பங்களின் வீட்டுக்கே பயிற்றுநர் போகிறார். விரிவுரை இல்லை. குழந்தை கீழே விழுந்து தாயைப் பார்க்கிறது. தாய் கையை நீட்டுகிறாள். 'பார்த்தீர்களா, வலித்தது என்றதும் உங்களைத் தேடியது, நீங்கள் போய் எடுத்தீர்கள்' என்கிற பாங்கில் அந்த நொடியிலேயே சொல்கிறார். நிமிடத்துக்கு ஒன்று என்ற அளவில் இப்படிச் சிறு சொற்கள். 120 குழந்தைகளைக் கொண்டு செய்த சோதனையின் முடிவு 2012இல் வெளியானது. வேறொரு பயிற்சி பெற்ற குடும்பங்களில் 57 விழுக்காட்டுக் குழந்தைகளிடம் குலைந்த பிணைப்பு காணப்பட்டது. இந்தப் பயிற்சி பெற்ற குடும்பங்களில் அது 32 விழுக்காடு. குறை கூறப்பட்டே பழகிய தாய்க்கு, தான் செய்த ஒரு நல்லதை யாரோ கண்டு சொல்வது எவ்வளவு பெரிய மருந்து என்பதை எண்களுக்கு அப்பாலும் உணர முடியும்.

'பிணைப்புச் சிகிச்சை' என்று தங்களைச் சொல்லிக்கொண்ட வேறு சிலர் இதற்கு நேரெதிராகப் போனார்கள். முரண்டு பிடிக்கும் தத்துப்பிள்ளைகளை வலுக்கட்டாயமாக அமுக்கிப் பிடித்து, ஆத்திரத்தைக் கக்கவைத்தால் பிணைப்பு உண்டாகும் என்பது அவர்கள் கூற்று. 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் கொலராடோவில், 'மறுபிறப்பு' என்ற பெயரில் துணிக்குள் சுற்றி அழுத்தப்பட்ட பத்து வயதுச் சிறுமி மூச்சுத் திணறி இறந்தாள். சிகிச்சை அளித்தவர்கள் சிறைக்குப் போனார்கள். அம்மாநிலம் அந்த முறையைத் தடைசெய்தது. 2006இல் குழந்தை வதைத் தடுப்பு வல்லுநர்களின் அமெரிக்கக் குழு, கட்டாயப்படுத்தும் இத்தகைய முறைகள் அனைத்தையும் கைவிடச் சொன்னது. பௌல்பியோ எய்ன்ஸ்வொர்த்தோ எழுதிய எதிலும் இதற்கு இடமில்லை. பயமுறுத்திப் பிணைப்பை உண்டாக்க முடியாது என்பதுதான் அவர்களது ஆய்வின் முதல் பாடம்.

பள்ளி வயதுப் பிள்ளைகளில் அதிகம் காணப்படுவது பதற்றக் கோளாறு. வயிற்றுவலி, பள்ளிக்குப் போக மறுப்பு, தனியே தூங்க பயம் என அது வெளிப்படும். இதற்குச் சான்று வலுவாக உள்ள சிகிச்சை, அறிதல்-நடத்தைச் சிகிச்சை. பிலிப் கெண்டலின் குழு 1990களில் குழந்தைகளுக்கென வடிவமைத்த பதினாறு அமர்வு முறையில், பிள்ளை தன் உடலில் பயம் எப்படித் தொடங்குகிறது என்று கண்டுகொள்கிறது. மனம் சொல்லும் அபாயத்தைச் சோதித்துப் பார்க்கிறது. பிறகு சிறிய பயத்திலிருந்து பெரிய பயம்வரை படிப்படியாக எதிர்கொள்கிறது. கடைசிப் படிதான் உயிர்நாடி. பேச்சோடு நிறுத்திவிட்டால் பலன் குறையும். 2008இல் வெளியான ஆய்வு ஒன்றில், 7 முதல் 17 வயதுவரையான 488 பேரில், இந்தச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 60 விழுக்காட்டினரும், செர்ட்ராலின் மாத்திரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினரும், இரண்டும் பெற்றவர்களில் 81 விழுக்காட்டினரும், வெற்று மாத்திரை பெற்றவர்களில் 24 விழுக்காட்டினரும் நன்கு தேறினார்கள்.

அதே பதற்றத்துக்கு யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் கண்ட வழி, பிணைப்பு ஆய்வுகளின் நேரடி வாரிசு என்றே தோன்றுகிறது. அவரது முறையில் பிள்ளை சிகிச்சையாளரிடம் வருவதே இல்லை. பெற்றோர் மட்டும் வருகிறார்கள். பயந்த பிள்ளைக்காக வீடு முழுவதும் வளைந்துகொடுக்கிறது: பிள்ளைக்குப் பதிலாக அம்மா பேசுகிறார், அப்பா பக்கத்தில் படுத்துக்கொள்கிறார், வெளியூர்ப் பயணம் நின்றுபோகிறது. அன்பினால் செய்யும் இந்த வளைதலே, உன்னால் தாங்க முடியாது என்ற செய்தியைப் பிள்ளைக்குச் சொல்லிவிடுகிறது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, 'பயமாக இருப்பது எனக்குப் புரிகிறது, உன்னால் தாங்க முடியும் என்றும் எனக்குத் தெரியும்' என்ற நிலைக்கு வரப் பெற்றோர் கற்கிறார்கள். 124 பிள்ளைகளைக் கொண்டு நடந்த ஒப்பீட்டில், பிள்ளைக்கே நேரடியாக அளித்த அறிதல்-நடத்தைச் சிகிச்சைக்குச் சற்றும் குறையாத பலனை இது தந்தது.

வளரிளம் பருவ மனச்சோர்வில் கணக்கு வேறு. 2004இல் 439 பேரைக் கொண்டு வெளியான அமெரிக்க ஆய்வில், ஃப்ளுவாக்செட்டின் மாத்திரையும் அறிதல்-நடத்தைச் சிகிச்சையும் சேர்ந்து பெற்றவர்களில் 71 விழுக்காட்டினர் பன்னிரண்டு வாரத்தில் தேறினார்கள். மாத்திரை மட்டும் என்றால் 61, பேச்சுச் சிகிச்சை மட்டும் என்றால் 43, வெற்று மாத்திரை என்றால் 35. அதே ஆண்டு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இவ்வகை மாத்திரைகள் இளம் வயதினரில் தற்கொலை எண்ணத்தை ஏறக்குறைய 2 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாக்கக்கூடும் என்று எச்சரித்தது. ஆராய்ந்த சோதனைகளில் தற்கொலை மரணம் எதுவும் நேரவில்லை. இரண்டு செய்திகளையும் சேர்த்தே பெற்றோருக்குச் சொல்ல வேண்டும்: மாத்திரை பலருக்கு உதவுகிறது, தொடங்கிய முதல் வாரங்களில் பிள்ளையை நெருங்கிக் கவனிக்க வேண்டும்.

இந்தச் சோதனைகளில் பெரும்பாலானவை பல்கலைக்கழக மருத்துவமனைகளில், தேர்ந்த வல்லுநர்களால் நடத்தப்பட்டவை. வல்லுநர்கள் எட்டாத இடத்தில் என்ன செய்வது என்ற கேள்விக்கு ஒரு விடை இலங்கையிலிருந்து வந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், ஏற்கெனவே போரில் அடிபட்டிருந்த வடகிழக்குக் கரையோரத்தின் முகாம்களில், கடும் அதிர்ச்சி அறிகுறிகள் கொண்ட 8 முதல் 14 வயதுவரையான 31 பிள்ளைகளுக்கு இரண்டு முறைகளில் ஒன்று அளிக்கப்பட்டது. ஒன்று, வாழ்க்கையைப் பிறப்பிலிருந்து வரிசையாகச் சொல்லவைத்து, நடுங்கவைத்த நிகழ்ச்சியை அதன் இடத்தில் பொருத்தும் கதைவழிச் சிகிச்சை. மற்றது, தியானமும் உடல் தளர்த்தலும். ஆறே அமர்வுகள், நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆற்றுப்படுத்துநர்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, கதை சொன்னவர்களில் 81 விழுக்காட்டினரும் தியானம் செய்தவர்களில் 71 விழுக்காட்டினரும் அந்த அதிர்ச்சி நோயிலிருந்து மீண்டிருந்தார்கள். 31 பேர் என்பது சிறிய எண். இரண்டு முறைகளுக்கும் இடையில் உறுதியான வேறுபாடு எதையும் அதைக் கொண்டு நிறுவ முடியாது, சிகிச்சையே பெறாத குழு ஒன்றும் அதில் இல்லை. இரண்டுக்கும் பொதுவாக இருந்தது, பிள்ளையின் மொழியைப் பேசும், அதன் ஊரை அறிந்த ஒரு பெரியவர், ஆறு முறை தவறாமல் வந்து எதிரே உட்கார்ந்தது.